கீழிருந்து படிக்கும் முகவரி

கிருஷ்ணகிரியில் நான் படித்த பள்ளியில், தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதும் வினா ஒன்று தவறாமல் வரும். கடிதத்தை ஓரளவு நன்றாகவே எழுதிவிடுவோம். மதிப்பெண் போவது உறைமேல் முகவரியில்தான். அஞ்சல் குறியீட்டு எண்ணை விட்டுவிட்டால் எங்கள் தமிழாசிரியர் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். "கடிதங்களைப் பிரிப்பவர் கீழிருந்துதான் படிப்பார். முதலில் எண், பிறகு ஊர், அதன்பின் தெரு, கடைசியில்தான் உன் மாமா" என்பார். வகுப்பே சிரிக்கும்.

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க எண் அது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி; 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் காட்டும். 635 என்று தொடங்கும் ஊரிலிருந்து 560 என்று தொடங்கும் பெங்களூருக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அரை மதிப்பெண்ணை அடியோடு மறந்திருந்தேன். சென்ற ஆண்டு அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்ட பணி ஒன்று அதை நினைவுபடுத்தியது.

2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்திய வங்கிகளின் இணையதளங்கள் அனைத்தும் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 31க்குள் மாற்றத்தை முடிக்க வேண்டும் என்று ஏப்ரலில் கெடுவும் வந்தது. '.காம்' என்று முடியும் முகவரியைக் கட்டணம் செலுத்தி எவரும் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். '.பேங்க்.இன்' அவ்வாறன்று. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றே அதை வழங்க முடியும். அதுவும் வங்கிகளுக்கு மட்டுமே.

தொழில்நுட்ப வேலை பொறியாளர்களுடையது. வணிகவியல் படித்த எனக்குக் கிடைத்தது எளிய வேலை: பழைய முகவரி எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. காசோலைப் புத்தகம், பாஸ்புக், வைப்புத்தொகை ரசீது, ஏ.டி.எம். அறைச் சுவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்த நாள்களில்தான் ஓர் இளம் பொறியாளர், "இணைய முகவரியைக் கடைசியிலிருந்து படித்துப் பழகுங்கள் சார்" என்றார். எங்கோ கேட்ட குரல்போல் இருந்தது.

இன்று நாம் பயன்படுத்தும் இணையப் பெயர் முறையை 1983இல் அமெரிக்காவில் பால் மொகபெட்ரிஸ் வகுத்தார். அது அஞ்சல் உறையின் ஒழுங்கையே ஒத்தது. கடைசிப் பகுதி நாடு போன்றது. அதற்கு முந்தியது ஊர். அதற்கும் முந்தியது தெரு. கணினியும் கடைசிப் பகுதியிலிருந்துதான் இடத்தைத் தேடிச் செல்கிறது. மனிதர்களாகிய நாம்தான் முன்னால் இருக்கும் பெயரைக் கண்டதும் நம்பிவிடுகிறோம்.

அல்சூர் கிளையில் இருந்தபோது ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கணக்கு முடக்கப்படும் என்று வந்த குறுஞ்செய்தியில் இருந்த இணைப்பைத் தொட்டிருக்கிறார். திறந்த பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் இட்டிருக்கிறார். 48,000 ரூபாய் போயிற்று. 1930 என்ற எண்ணுக்கு அவர் புகார் செய்தது மறுநாள்தான். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது. "பேங்க் பேரு இருந்துச்சு, பூட்டும் இருந்துச்சு. வேற என்னத்தப் பாக்கணும்னு யாருமே சொல்லலையே தம்பி" என்றார் அவர். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

இன்று சொல்லத் தெரியும். திரையில் ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். 'நம்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-புதுப்பி.காம்/உள்நுழை' என்று ஓர் இணைப்பு வருகிறது. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதலில் 'காம்', அடுத்து 'கேஒய்சி-புதுப்பி'. தளத்தின் உரிமையாளர் அவர்தான். அதற்கு முன்னால் உள்ள 'நம்வங்கி.பேங்க்.இன்' அவர் தம் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்ட பெயர்ப்பலகை. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதையும் அவர் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருந்தாலும் அது வேறு முகவரியே.

பூட்டுப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். எதிரே இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம் அல்லவா? மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கூகுள் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. ஆனால் பூட்டைப் பார்க்கும்படி ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் வங்கிக்காரர்களாகிய நாங்களும் உண்டு.

இதைக் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன். முகவரிகளைத் தேடிப் பட்டியலிட்டபோது, கடன் விழாவுக்கு ஒன்று, பரிசுப் புள்ளிகளுக்கு ஒன்று என்று எங்கள் பெயரிலேயே வெவ்வேறு முகவரிகள் கிடைத்தன. குறுஞ்செய்தியில் இணைப்பைத் தொடாதீர்கள் என்று எச்சரித்த அதே வாரத்தில், சலுகை அறிவிப்பை ஓர் இணைப்போடு அனுப்பியிருந்தோம். வாடிக்கையாளர் எதை நம்புவார்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நிகழ்ந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றாலோ, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுதும் அவருடையதே. விதி நியாயமானதுதான். ஆனால் படிக்கக் கற்றுத்தராத ஒன்றைப் படிக்கவில்லை என்பதைக் கவனக்குறைவு என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. என் ஆசிரியர் பாடம் நடத்திய பிறகுதான் அரை மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஆகவே, முகவரியை மாற்றியதோடு வங்கிகளின் வேலை முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. கணக்குத் தொடங்கும் நாளன்றே கவுண்டரில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பொய் முகவரியையும் ஒரு மெய் முகவரியையும் காட்டிப் படிக்கச் சொல்லலாம். பெங்களூரில் அதைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று அவரவர் மொழியில் சொல்வதற்கு ஊழியர்கள் இருக்கிறார்கள். பழைய முகவரிகளையும் கைவிட்டுவிடக் கூடாது. இணைய முகவரி விலைக்கு வாங்கிய மனை அன்று. கெடுவுக்குக் கெடு கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டிய குத்தகை. செலுத்தாமல் விட்டால் வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம். பழைய காசோலைப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் முதியவர் அதில் உள்ள முகவரியைத் தட்டச்சு செய்தால், அங்கே யார் கதவைத் திறப்பார்கள்?

புதிய முகவரி எல்லா மோசடிகளையும் தடுத்துவிடாது. தொலைபேசியில் மிரட்டுபவருக்கும், வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்புபவருக்கும் இணையதளமே தேவையில்லை.

அந்தச் செவிலியர் அண்மையில் வாரிசு நியமனத்தை மாற்றுவதற்காக வந்திருந்தார். இழந்த தொகை திரும்பவில்லை. புதிய முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று விளக்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "நாங்க ஸ்கூல்ல லெட்டருக்கு அட்ரஸ் எழுதுவோமே, அதப் படுக்க வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டார்.