வீட்டுப்பாடமா? வீட்டுக்குப் பரீட்சையா?

உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுக்கலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம், "அதிகம் எழுதினால் அதிகம் படிப்பு வரும்" என்பதாகவே பெரும்பாலோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரியோர் சொன்னார்கள், நாமும் சொல்லுகிறோம் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கேட்டால் கிடைப்பதில்லை. ஆகவே, இதைச் சற்று பகுத்தறிவைக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

மரக்காணம் உப்பளக்கரையை எடுத்துக்கொள்ளுவோம். பாத்தியில் பாடுபடுகிறவர்கள் வெய்யில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டிப் பொழுது விடியுமுன்பே வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளைக்குக் காலையில் அடுப்பும் தம்பி தங்கையும். மாலையில் தண்ணீர்க் குடமும் மறுபடியும் அடுப்பும். இவ்வளவுக்கும் பிறகுதான் புத்தகம். பாடமோ ஐந்து, உபாத்தியாயரும் ஐந்து பேர். ஒவ்வொருவரும் "அரை மணி வேலைதானே" என்று கொடுக்கிறார். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அவரவர்க்கு அரை மணி. பிள்ளைக்கு மட்டும் இரண்டரை மணி!

மத்திய அரசாங்கத்தின் கல்வி அமைச்சு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கையில், 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாதென்றும், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 2 மணிக்கு மேற்படக்கூடாதென்றும் சொல்லியிருக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கு அந்த வரம்பையும் தாண்டிவிடுகிறது. சரி, அந்த 2 மணியாவது நியாயமா என்று பார்த்தால், பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனத்தார் பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளிடம் 2012-இல் நடத்திய சோதனையை வைத்துச் சொல்லுவது வேறாக இருக்கிறது. வாரத்திற்கு ஏறக்குறைய 4 மணிக்கு மேல் செய்யும் வீட்டுப்பாடத்தால் சொல்லத்தக்க பலன் இல்லை என்பதே அவர்கள் கண்டது. பள்ளிக்கூட நாட்கள் ஐந்துக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு மணிகூட ஆகவில்லை.

அதே சோதனையில் வேறொன்றும் வெளியாயிற்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வாரத்தில் 5.7 மணியும், வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் 4.1 மணியும் வீட்டுப்பாடம் செய்கிறார்களாம். இதற்குக் காரணம் அறிவின் வித்தியாசமா? ஒரு வீட்டில் தனி அறை, மேசை, விளக்கு, சந்தேகம் தீர்க்கப் படித்த தகப்பன், போதாததற்கு டியூஷன். மற்றொரு வீட்டில் ஒரே அறை. களைத்துப் படுத்திருக்கும் தாய் தந்தையர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிட்டு மறுநாள் நோட்டைத் திருத்துவது பிள்ளையைப் பரீட்சிப்பதா, வீட்டைப் பரீட்சிப்பதா? இதில் தோற்ற பிள்ளையைத்தான் "படிப்பு ஏறாது, அவன் தலையெழுத்து, சரஸ்வதி கடாட்சம் இல்லை" என்கிறார்கள். விளக்கில்லாத குறையைத் தலைவிதியாக்கிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

தோழர்களே! 1953-இல் ஆச்சாரியார் மந்திரி சபை கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. அது குலக்கல்வித் திட்டம் என்று நாடெங்கும் எதிர்க்கப்பட்டு, 1954-இல் காமராஜர் ஆட்சி வந்ததும் கைவிடப்பட்டது. அன்று பிள்ளையைப் பாதி நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று பாடத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறோம். நோக்கம் வேறாயிருக்கலாம். ஆனால், படித்த வீட்டுப் பிள்ளை படிக்கவும், உப்பு வாரும் வீட்டுப் பிள்ளை உப்பு வாரவும் ஆவதுதான் முடிவானால், நோக்கத்தைப் புகழ்ந்து என்ன பயன்?

இது அரசாங்கத்தாருக்குத் தெரியாத சங்கதியுமல்ல. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஏற்பட்ட படிப்பு நஷ்டத்தை ஈடுசெய்ய, "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டம் 2021 அக்டோபர் 27-இல் இதே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. ஆனால், அது 8-ஆம் வகுப்போடு நின்றுவிட்டது. பாரம் ஏறுகிற 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? வெய்யில் கொளுத்தி உப்பு நன்றாய் விளைகிற பங்குனி சித்திரையில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் வருகிறது என்பதை மறந்துவிடலாகாது.

"பழகாமல் கணக்கு வருமா?" என்று கேட்கலாம். வராதுதான். பழக்கம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வகுப்பில் விளங்கியதை வீட்டில் பழகுவது ஒன்று. வகுப்பில் நடத்தாததை வீட்டில் விளங்கிக்கொள் என்பது வேறொன்று. பாத்தியின் அளவும் வெய்யிலின் அளவும் பார்த்துத்தான் உப்பளத்தான் நீர் பாய்ச்சுகிறான். பாத்தி நிரம்பி வழிய நீர் விட்டால் அதிக உப்பா விளையும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். எல்லாப் பாடங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக்கூடாது. வகுப்பில் ஒரு பலகை வைத்து, ஐந்து உபாத்தியாயர்களும் தாங்கள் கொடுப்பதை அதிலே எழுதி, ஒரு மணி நிரம்பிவிட்டால் அடுத்தவர் நிறுத்திக்கொள்ளவேண்டும். காசு கொடுத்து அட்டையும் படமும் வாங்கிவரச் சொல்லும் வேலை அறவே கூடாது. அந்த ஒரு மணியையும் பள்ளிக்கூடத்திலேயே, மாலையில், விளக்கின் கீழ், ஓர் உபாத்தியாயர் பக்கத்திலிருக்கச் செய்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு வேண்டும். அப்படி இருக்கும் உபாத்தியாயருக்கு அந்த உழைப்புக்குத் தனியாகக் கூலி கொடுக்கவேண்டியதும் நியாயமேயாகும். எழுதிவராத பிள்ளையை வெளியே நிறுத்துவதற்கு முன், ஏன் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

பெற்றோர்களே! ஒவ்வொரு அரசாங்கப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்கு இடமுண்டு. நமக்கு எழுத்துத் தெரியாதே என்று வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். உங்களுக்குத் தெரியாதது உங்கள் குற்றமல்ல; அதற்காக உங்கள் பிள்ளை தண்டனை அடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அதுதான் குற்றமாகும். அடுத்த கூட்டத்திற்குப் போய், "எங்கள் பிள்ளைக்கு நாளைக்கு எத்தனை மணி வேலை கொடுக்கிறீர்கள், கூட்டிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூட்டிப் பார்த்தால் அவர்களுக்கே விளங்கும்.