கவசத்தை அணிவித்தேன், கதையைச் சொல்ல மறந்தேன்



சுவீடனில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் விடுப்பில் ஊர் வந்திருந்தார். அங்கே பழங்காலப் போர்களை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் அவர் உறுப்பினர். இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்தவற்றைப் போலவே செய்யப்பட்ட இரும்பு வளையச் சட்டை, தலைக்கவசம், தகட்டு மேலங்கி ஆகியவற்றை உடன் கொண்டு வந்திருந்தார். தலைமையாசிரியரின் அனுமதியோடு அவரை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் அழைத்துச் சென்றேன். வாள் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே கூறிவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் கற்றது ஏராளம். ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள வளையச் சட்டையை ஒரு மாணவனுக்கு அணிவித்ததும் அவன் தோள்கள் தாழ்ந்தன. இடுப்பில் வாரைக் கட்டியதும் பாரம் இடுப்புக்கும் பகிர்ந்து, சற்று நிமிர்ந்தான். இரும்புக்கு அடியில் பஞ்சு திணித்த தடித்த உள்சட்டை ஏன் தேவை என்பதையும் அறிந்துகொண்டார்கள். வளையம் வெட்டைத் தடுக்கும். அடியின் அதிர்ச்சியைத் தாங்குவது பஞ்சுதான். பல்லாயிரம் வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தறைந்து இணைத்தது இந்தியப் பட்டறை ஒன்று என்று அவர் கூறியபோது ஆசிரியர்களாகிய நாங்களும் வியந்தோம். இத்தகைய மாதிரிப் பொருள்கள் இந்தியாவில் பெருமளவில் செய்யப்பட்டு மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

மறுநாள் இடைவேளையில் நடந்ததுதான் என்னை உறுத்தியது. மரத்தடியில் மாணவர்கள் அடிக்கோல்களை வாளாக்கிச் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குப் புருவத்தில் காயம். மாலையில் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். "ஐயா, அடிதடி வேண்டாமென்று நாங்கள் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம். நீங்களே போர்ச்சட்டையை மாட்டிவிட்டால் பிள்ளை என்னதான் நினைக்கும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. ஆனால், கவசத்தைக் காட்டியது தவறென்று நான் இன்றும் கருதவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டதே என் தவறு.

அந்தத் தகட்டு மேலங்கியின் மூலம் சுவீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள விஸ்பி நகரைச் சேர்ந்தது. 1361ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் டென்மார்க் மன்னன் வால்டிமாரின் படை அந்நகர மதிலுக்கு வெளியே தீவின் குடியானவர்களை எதிர்கொண்டது. வந்தவர்கள் போரையே தொழிலாகக் கொண்டவர்கள். எதிர்த்து நின்றவர்களோ உழவர்கள். நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் ஏற்கெனவே பகை இருந்தது. நகரத்தின் கதவுகள் திறக்கவில்லை. குடியானவர்கள் மதிலுக்கு முன்னாலேயே மாண்டார்கள். அடுத்த சில நாள்களில் நகரம் மன்னனிடம் சரணடைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த கூட்டுப் புதைகுழிகள் அகழப்பட்டபோது ஏறத்தாழ 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. கோடை வெயிலில் உடல்கள் விரைந்து அழுகியதால், பலரைக் கவசத்தைக் கழற்றாமலேயே புதைத்துவிட்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. அதனால்தான் இருபதுக்கும் மேற்பட்ட தகட்டு மேலங்கிகள் நமக்குக் கிடைத்துள்ளன. துணியும் தோலும் மக்கிப்போக, இரும்புத் தகடுகள் மட்டும் எஞ்சின. அந்தத் தகடுகளின் அமைப்பைப் பார்த்தே இன்றைய மாதிரிகளைச் செய்கிறார்கள்.

அந்தக் குழிகளில் கிடந்தோருள் முதியவர்களும் உடற்குறை உள்ளோரும் இருந்தனர். பதின்ம வயதுச் சிறுவர்களும் இருந்தனர். அதாவது, நம் ஆறாம் ஆண்டு மாணவரைவிடச் சில வயதே மூத்த பிள்ளைகள்! வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி கால்களில் இருந்தது. கேடயம் மறைக்காத இடம் அது.

விஸ்பியில் 1984 முதல் ஆண்டுதோறும் இடைக்கால வாரம் கொண்டாடப்படுகிறது. இத்தகைய விழாக்களில் போரிட்டுக் காட்டுவோரை நான் குறை கூறமாட்டேன். அவர்களின் வாள்களுக்குக் கூர்மை இல்லை. விளிம்பை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிப்பாக விட்டு, முனையையும் மழுக்கிவிடுகிறார்கள். முகத்தை நோக்கிக் குத்தக் கூடாது என்பது பல குழுக்களின் விதி. எடை, ஓசை, வியர்வை ஆகிய அனைத்தையும் மூலத்தைப் போலவே கொண்டுவர முயல்பவர்கள் கூர்மையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மாலையில் அனைவரும் எழுந்து வீடு திரும்ப வேண்டும் அல்லவா? பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வேலையை நான் செய்யாமல் விட்டேன்.

ஆண்டு விழா நாடகங்களில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாளை நாமும் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். அந்த வாளுக்கு எடையும் இல்லை. அதனால் விழுந்தவன் என்ன ஆனான் என்ற கேள்வியும் இல்லை. கைதட்டல் மட்டுமே உண்டு. அதைவிடப் பாரமான இரும்புச் சட்டை மேலானது என்பேன். ஆனால், அணிவிக்கும் முன் இதன் மூலத்தை அணிந்திருந்தவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லும் துணிவு இல்லையென்றால் கவசத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் விஸ்பியின் கதையைச் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. முதலில் கவசம் அணிந்த அந்த மாணவன் கையை உயர்த்தி, "ஐயா, உள்ளே இருந்தவர்கள் ஏன் கதவைத் திறக்கவில்லை?" என்று கேட்டான்.

பகை, அச்சம், தன்னலம் என்று எனக்குத் தெரிந்த காரணங்களை எடுத்துரைத்தேன். அவன் முகத்தில் நிறைவில்லை. இரும்புச் சட்டையைச் சுமந்த அன்று அவனிடம் எழாத கேள்வி அது. காயம்பட்ட பிள்ளையின் தாயாரிடமும் இதையே சொன்னேன். அவர் முழுவதும் உடன்படவில்லை. "அடுத்த முறை கதையை முதலில் சொல்லுங்கள், ஐயா" என்றார்.

அவ்வாறே செய்வேன்.