பொட்டி தட்டும் பொழுதுகள் - 7: அக்சஸ் அம்மணியும் 64 பிட்டும்

இந்த வாரம் ஆணி ஜாஸ்தி மக்களே. இங்க ஜெர்மனில படிப்புக்கு நடுவுல டிபார்ட்மென்ட்ல வாரம் பத்து மணி நேரம் வேலை பாக்குறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். அங்க ஒரு விதை சேகரிப்பு இருக்கு. எந்தச் செடி, எங்க எடுத்தது, நூத்துக்கு எத்தனை முளைச்சதுன்னு 2003-லேர்ந்து மொத்தமும் ஒரே ஒரு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்புக்குள்ள. எழுதினவங்க தாவரவியல் படிச்ச ஒரு அம்மணி. தேவைக்குத் தேவை விபிஏ கத்துக்கிட்டு ஃபார்ம், ரிப்போர்ட், விதை டப்பாவுக்கு லேபிள்னு சேர்த்துக்கிட்டே போயிருக்காங்க. இந்தக் கோடையில ஓய்வு பெறுறாங்க. புது மடிக்கணினிகள்ல கோப்பு திறக்கவே இல்ல.

முதல் காரணம் ரொம்ப சிம்பிள். அதுல அக்சஸே இல்ல! எல்லா ஆஃபீஸ் பொதியிலயும் அக்சஸ் வராது. மேக்குக்கு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. ஆனா காசு கொடுத்து எல்லாருக்கும் வாங்கவேண்டியதில்ல, ரன்டைம்னு ஒண்ணு இருக்கு. 2007 பதிப்புலேர்ந்து இலவசம். ஃபார்ம் திறக்கும், நிரல் ஓடும், ஆனா எதையும் மாத்தியமைக்க முடியாது. ஒரு வில்லங்கம்: கையாளாத பிழை ஒண்ணு வந்தா ரன்டைம் மொத்தமா மூடிக்கும். அதனால ஒவ்வொரு ப்ரொசீஜர்லயும் 'ஆன் எரர்' கட்டாயம். நிரலைத் திருத்தறவருக்கு மட்டும் முழு அக்சஸ் வேணும்.

ரன்டைம் போட்டாச்சு. அடுத்து, கோப்பு நம்பகமான இடத்துல இல்லன்னா நிரலை ஓடவிடாது. முழு அக்சஸ்ல அதுக்கு செட்டிங்ஸ் பக்கம் இருக்கு. ரன்டைம்ல இல்ல, ரிஜிஸ்ட்ரில எழுதணும். போதாததுக்கு 2022-லேர்ந்து இணையத்துலேர்ந்து இறங்கின கோப்போட மேக்ரோவை முன்னிருப்பாவே தடுத்துடறாங்க.

இனிமேத்தான் மெயின் பிக்சர் :-)

பலர் விண்டோஸ் 64 பிட்டான்னு பாக்குறாங்க. பாக்கவேண்டியது ஆஃபீஸ் எத்தனை பிட்டுன்னு. 2010-ல 64 பிட் ஆஃபீஸ் வந்துச்சு; 2019 பதிப்புலேர்ந்து சும்மா நிறுவினாலே அதுதான். ரன்டைமும் அதே பிட்தான் இருக்கணும், கலந்து போட முடியாது. நம்ம அம்மணி விண்டோஸ் ஏபிஐ-யைக் கூப்பிட நாலு இடத்துல 'டிக்ளேர்' போட்டிருந்தாங்க. 64 பிட்ல அதுக்கு 'பிடிஆர்சேஃப்'னு ஒரு சொல் சேர்க்கணும், ஹேண்டில், பாயின்ட்டர் எல்லாத்தையும் 'லாங்'லேர்ந்து 'லாங்பிடிஆர்' ஆக்கணும். இல்லன்னா கம்பைலே ஆகாது. எம்டிஇ, ஏசிசிடிஇ-ன்னு தொகுத்த கோப்பா மட்டும் கையில இருந்திருந்தா கதை கந்தல். நல்லவேளை, மூலம் பத்திரமா இருந்துச்சு, ஜெர்மன்ல வரிக்கு வரி கமென்ட்டோட.

அப்புறமும் 'டேட்'னு எழுதின வரியில பிழை காட்டுது. இன்னைக்கு என்ன தேதின்னு கேக்குற சாதாரண ஃபங்ஷனுக்கு என்ன வியாதி? அக்சஸ் தெரிஞ்சவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. ரெஃபரன்ஸ் பட்டியல்ல ஏதோ ஒண்ணு 'மிஸ்ஸிங்'னு கிடந்தா, சம்பந்தமே இல்லாத ஃபங்ஷன்லாம் படுத்துக்கும். குற்றவாளி பழைய காலண்டர் கன்ட்ரோல். 2010-லயே அக்சஸ்லேர்ந்து தூக்கிட்டாங்க. 2007-லேர்ந்து தேதிப் பெட்டியிலயே நாள்காட்டி இருக்கு, அதுவே போதும்னு மாத்திட்டேன்.

(நம்மாளுங்களுக்கு ஒரு தகவல்: டேபிள்ல 2000-லேர்ந்து தமிழ் யூனிகோட்ல ஜம்முனு உக்காரும். விபிஏ எடிட்டர்ல தட்டினா வெறும் கேள்விக்குறிதான். 'சிஎச்ஆர்டபிள்யூ' போட்டு எழுத்தெழுத்தா கோக்கணும். கொடுமைடா சாமி.)

"இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெப்ல புதுசா எழுது"ன்னு ரூம்மேட் சொல்றான். எழுதலாம்தான். ஆனா எந்தச் செடிக்கு எத்தனை வாரம் குளிர்ல வச்சு முளைப்பு பாக்கணும்ங்கறது வேற எங்கயும் எழுதி வைக்கல, அந்த நிரல்ல 'இஃப்' 'எல்ஸ்'ஸா இருக்கு. அதை எனக்கு விளக்கிச் சொல்ல அம்மணி இன்னும் ரெண்டு மாசம்தான் இருப்பாங்க. முதல்ல ஓடட்டும்.

வெள்ளிக்கிழமை லேபிள் அச்சாச்சு. அடுத்தது தரவைத் தனிக்கோப்பா பிரிக்கணும். அக்சஸ் கோப்பு 2 ஜிபி-க்கு மேல வளராது. விதைப் படங்களையெல்லாம் உள்ளயே ஒட்டி வச்சு இப்பவே 1.6-ல நிக்குது. அந்தக் கூத்து அடுத்த வாரம்.