பழைய ‘குட்டி யானை’ வாங்கப் போறீங்களா? இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள்!

துருப்பிடித்துக் கிடந்த ஒரு லோடு வண்டி, 20 நிமிட வீடியோவுக்குள் பளபளவென்று மாறி ஃபுட் டிரக்காக நிற்கிறது. பார்க்கிற யாருக்குமே ‘நாமும் ஒன்று வாங்கி ரெடி பண்ணினால் என்ன?’ என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கும், வண்டி வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் பழைய பிக்கப் நல்ல ஆரம்பம்தான்.

ஆனால், அந்த வீடியோக்கள் ஒரு விஷயத்தைத் தலைகீழாகக் கற்றுக்கொடுக்கின்றன. ‘ஸ்டார்ட் ஆகுதா, ஓடுதா’ என்பதுதான் முதல் கேள்வி என்று நம்பவைக்கின்றன. என் கருத்து நேர் எதிர். மலிவு வண்டியில் இன்ஜின்தான் கடைசிக் கவலை. முதலில் பார்க்க வேண்டியவை சேசிஸும் பேப்பரும். காரணம், இன்ஜின் கெட்டால் பணம் செலவாகும், அவ்வளவுதான். சேசிஸ் அரித்துப்போனாலோ, ஆர்சி புத்தகத்தில் சிக்கல் இருந்தாலோ, போட்ட பணம் மொத்தமும் காயலான் கடைக்குத்தான் போகும். அந்தப் பணம் பல வீடுகளில் அம்மாவின் நகையை அடகு வைத்துப் புரட்டியதாக இருக்கும்.

இன்ஜினுக்கு ஏன் பயப்பட வேண்டாம்?

நம்மூரில் ‘குட்டி யானை’ என்றாலே டாடா ஏஸ்தான். 2005-ல் வந்த முதல் மாடலில் இருப்பது 702 சிசி, 2 சிலிண்டர் டீசல் இன்ஜின். சக்தி சுமார் 16 குதிரைத் திறன்தான். டர்போ கிடையாது, சிக்கலான எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் இது அத்துப்படி. சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய ஸ்பேர் மார்க்கெட்டுகளில் இதற்குப் பாகங்கள் தேடுவதும் பெரிய கஷ்டமில்லை.

இன்ஜினைச் சோதிப்பதும் எளிது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை புஸ் புஸ்ஸென்று தள்ளுகிறதா? அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கும் தீர்வு உண்டு. ரீபோர் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.

கொஞ்சம் பெரிய வண்டி வேண்டுமென்றால் 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் இருக்கின்றன. ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளை முதல் புராஜெக்ட்டாக எடுக்க வேண்டாம் என்பேன். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சென்சார்களும் அதிகம். ஸ்கேனர் இல்லாமல் கை வைக்கவே முடியாது.

துருவும் வெள்ளமும்

வண்டியின் கீழே படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மீன் லோடு, உப்பு லோடு ஏற்றிய வண்டிகளில் தண்ணீர் சொட்டிச் சொட்டியே சேசிஸை அரித்திருக்கும். காசிமேடு, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ நகர்ந்துவிடுங்கள். ஸ்பிரிங் பட்டை பிடித்திருக்கும் இடங்களில் புதிய வெல்டிங் தெரிந்தால், அதிக பாரம் ஏற்றி அடிபட்ட வண்டியாக இருக்கலாம்.

புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சின்னக் காந்தம் போதும். அது ஒட்டாத இடத்தில் தகடு இருக்காது, பட்டிதான் இருக்கும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம் என்று தமிழ்நாட்டில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கிறதா, சீட்டுக்கு அடியில் மண் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

‘ஹாபிக்குத்தானே வாங்குகிறேன்’ என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்காது. மஞ்சள் போர்டு வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்சி, கட்டாயம். எஃப்சி இல்லாத சரக்கு வண்டியை முறையாகப் பதிவான வண்டியாகவே மோட்டார் வாகனச் சட்டம் கருதாது. வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை எஃப்சி எடுக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ‘எஃப்சி மட்டும்தான் பாக்கி, நீங்களே எடுத்துக்கலாம்’ என்று விற்பவர் சொன்னால், ஏன் அவர் எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

விற்பவர்தான் ஆர்சி-யில் உள்ள உரிமையாளரா? இல்லையென்றால் அவரால் விற்பனைக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட முடியாது. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் கடன் முடிந்ததற்கான படிவம் 35 வேண்டும். அபராத பாக்கி, வரி, இன்சூரன்ஸ் விவரங்களை பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சேசிஸ் எண்ணை ஆர்சி-யோடு நேரில் ஒப்பிட மறக்காதீர்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது இன்னும் ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்சி-யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாதியில் சலித்துப்போய் நீங்கள் வேறொருவருக்கு விற்றாலும் இதே விதி உங்களுக்கும் பொருந்தும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை அந்த வரம்புக்குள் வரும், பொலிரோ பிக்கப்பின் பெரிய மாடல்கள் வராது. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது.

ஃபுட் டிரக் கனவு இருந்தால், பாடியை வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வாங்குங்கள். ஆர்சி-யில் இல்லாத மாற்றம் இருந்தால் எஃப்சி நேரத்தில் சிக்கும், இன்சூரன்ஸும் கைவிடலாம்.

‘கம்மி விலைக்கு வாங்கினால்தானே புராஜெக்ட்?’

இது நியாயமான கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, கையில் 1.5 லட்சம் ரூபாய் இருக்கிறது. 60,000 ரூபாய்க்கு இன்ஜின் ஓடும், ஆனால் எஃப்சி முடிந்து சேசிஸ் அரித்த வண்டி ஒன்று. 1 லட்சத்துக்கு சேசிஸும் பேப்பரும் சுத்தமாக, ஆனால் இன்ஜின் புகை தள்ளும் வண்டி இன்னொன்று. முதலாவதில் மிஞ்சும் 90,000 டிங்கரிங், வெல்டிங், நிலுவை வரி, அபராதம் என்று கரையும். அப்படியும் எஃப்சி கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. இரண்டாவதில் மிஞ்சும் 50,000-ஐ இன்ஜினுக்கு ஒதுக்கினால், அது வேலை முடிந்து ரோட்டுக்கு வரும்.

அதனால் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தில் கிடைக்கும் சுத்தமான வண்டியைத் தேடுங்கள். இரண்டு மாதம் அலைந்தாலும் பரவாயில்லை. ஓடாத வண்டியைக் கூட வாங்கலாம், பெயர் மாற்ற முடியாத வண்டியை மட்டும் வாங்காதீர்கள்.