கரணையும் பட்டமும்

புதுவை நகரின் நடுவே ஓடுகிறது பெரிய வாய்க்கால். தாண்டிக் கடக்கச் சில அடிகளே. எனினும் அது பிரித்து வைத்ததோ இரண்டு உலகங்களை! கிழக்கே, கடற்காற்று தவழும் வெள்ளையர் நகரம். மேற்கே, உழைப்போர் வாழ்ந்த கறுப்பர் நகரம். அப்படித்தான் பெயரிட்டான் பிரெஞ்சுக்காரன். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவன் ஆட்சி அகன்றது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் அது முடிந்தது.

கோடு போட்டவன் போய்விட்டான். கோடு போயிற்றா, தோழர்களே? பட்டம் பெற்றோர் ஒரு கரையிலும் பாடுபடுவோர் மறுகரையிலுமாக நிற்கிறார்களே, அந்த வாய்க்காலை எப்போது தூர்ப்பது?

இந்தக் கேள்வியை எழுப்பக் காரணம் ஒரு படிப்பு. வெயிலின் போக்கறிந்து, காற்றின் வழியறிந்து, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தி, மண்ணையும் நீரையும் பாழாக்காமல் வீடு கட்டும் கலையிலே முதுநிலைப் பட்டம்! ஏற்கெனவே தொழிலில் இருப்போர், வேலையை விடாமலே பயிலத்தக்க முறையில், உலகின் பல பல்கலைக்கழகங்கள் இதனை நடத்துகின்றன. நல்ல ஏற்பாடு, காலத்துக்கேற்ற ஏற்பாடு. உலகம் வெளியேற்றும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமென்ட் உற்பத்தியால் மட்டுமே எழுகிறது. பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கி இரவெல்லாம் கக்கும் கான்கிரீட் பெட்டிக்குள், குளிர்பதனப் பெட்டி வாங்க வழியற்ற ஏழை வேகிறான். ஆகவே அந்தப் படிப்பு வேண்டும். நமது புதுவையிலும் வேண்டும்.

ஆனால், தொழிலில் இருப்போர் என்றால் யார்? அங்கேதான் நமது வழக்கு.

புதுவை விடுதலை பெற்ற அதே 1954ஆம் ஆண்டில், இலண்டனிலே வெப்பநாட்டுக் கட்டடக் கலைக்கென ஒரு துறை தோன்றிற்று. அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். இட்லரின் செருமனியில் வாழ வழியற்று வெளியேறி, 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானவர். வெயில் என்றால் என்ன, மழைக்காலம் என்றால் என்ன என்பதை அவர் கற்றது நம் மண்ணிலே. கற்பித்தது இலண்டன் மாநகரிலே! இங்கிருந்து சென்ற அறிவு, அங்கே பட்டமாக மாறிற்று. அதற்குப் பாடம் சொன்ன மண்ணுக்கு என்ன மதிப்புக் கிடைத்தது?

நமது நகரையே பாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1937இல் பணி தொடங்கிப் போர்க்காலத்திலே எழுந்தது. வரைந்தவர் ஆன்டனின் ரேமண்ட்; உடனிருந்து கட்டியவர் ஜார்ஜ் நாகாஷிமா. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகங்கள். வெயிலை மறித்துக் காற்றை வரவேற்கும், திருப்பத்தக்க கிடைப்பலகைகள். குளிர்பதனமின்றிக் குளிர்ச்சி தரும் அக்கட்டடத்தைக் காண உலகத்துக் கட்டடக் கலைஞர்கள் வருகிறார்கள். வரைபடம் வெளிநாட்டாருடையது என்பதை ஏற்கிறோம். ஆசிரமத்துச் சீடர்களின் உழைப்பும் உள்ளூர்த் தொழிலாளரின் உழைப்பும் சேராமல் அந்த வரைபடம் சுவராகியிருக்குமா?

வாய்க்காலின் மேற்கே வாருங்கள். வழிப்போக்கனுக்கு நிழல் தரும் தாழ்வாரம், இளைப்பாறத் திண்ணை, வெப்பத்தை மேலே அனுப்பும் முற்றம், தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்த மட்டப்பா! பழைமை குலையாமல் சீரமைத்ததற்காக வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர்களல்லர். கடுக்காய் நீரை எந்தப் பக்குவத்தில் சுண்ணாம்பிலே சேர்ப்பது என்பதைத் தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றான்.

அந்தக் கை இன்று அருகி வருகிறது. 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையிலே, கடற்கரையோரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலே மீண்டும் எழுப்பி, 2021இல் திறந்தார்கள், மகிழ்ச்சி. விழுந்த கட்டடத்தைப் பணம் கொடுத்து எழுப்பலாம். பேணத் தெரிந்த கை மறைந்துவிட்டால், எந்தக் கருவூலம் அதனை மீட்டுத் தரும்?

ஆகவே சொல்கிறோம்: புதுவையிலே இந்தப் பட்டப்படிப்பு தொடங்கட்டும். 1985இல் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2020இல் உருவான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் பயிலட்டும். அவருக்குச் சுண்ணாம்புப் பாடம் நடத்த மூத்த கொத்தனார் வரட்டும். கூலியாளாக அல்ல, ஊதியம் பெறும் ஆசிரியராக வரட்டும். பட்டயம் படித்த மேற்பார்வையாளரும், கரணை பிடித்த இளைஞரும், கல் சுமக்கும் சித்தாளின் மகளும் படிப்படியாக ஏறிவர, தமிழிலே சான்றிதழ் வகுப்புகள் அமையட்டும். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கென வாங்கும் முறை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்த நிதியிலிருந்து அவர்களது கட்டணத்தைச் செலுத்தினால் யாருக்கு நட்டம்? தேர்வுக்கான வீடு, செல்வரின் கடலோர மாளிகையாக இருக்க வேண்டாம். வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டைக் குளிர்விக்கும் வழியாக இருக்கட்டும்.

"கொத்தனாருக்குப் பட்டமா? தரம் தாழாதா?" என்பர் சிலர். புதிய குரலன்று இது. நம்மவர் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிக்கப் புறப்பட்டபோதும் கேட்ட குரல்தான். வகுப்புவாரி உரிமை பறிபோனபோது திராவிட இயக்கம் பொங்கி எழுந்தது. 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. நம்மவர் நுழைந்ததால் மருத்துவத்தின் தரம் தாழ்ந்ததா? நாடறியும் விடையை.

தகுதியைச் சோதிக்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. தாளிலே மட்டும் சோதிக்காதீர். சுவரிலும் சோதியுங்கள் என்கிறோம். தூக்குக்குண்டு பொய் சொல்லாது. சாய்ந்த சுவரை யாருடைய பட்டமும் நிமிர்த்தாது. கணக்கறிந்த கலைஞனும் கைப்பக்குவம் அறிந்த கொத்தனாரும் ஒரே பலகையின் முன் அமரும்போதுதான், ஏழைக்கு வேகாத வீடு கிடைக்கும்.

தோழர்களே! உங்கள் வட்டத்திலே முதிர்ந்த கொத்தனார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் அறிந்ததைக் கேட்டுக் குறித்து வையுங்கள். கிளைக் கூட்டங்களிலே இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கி அரசுக்கு அனுப்புங்கள். பாவேந்தர் பிறந்த ஊரிலே, ஊரைக் கட்டியவன் வாசலுக்கு வெளியே நிற்பது முறையா? பெரிய வாய்க்காலுக்குப் பாலங்கள் உண்டு. இந்த வாய்க்காலுக்கும் ஒரு பாலம் அமைப்போம். அதன் முதற்கல்லை, கரணை பிடித்த கையே எடுத்து வைக்கட்டும்!