வெள்ளை முகம் வேதமல்ல

செம்பட்டை முடி, நீலக் கண், சிவந்த மேனி: இயேசு இப்படித்தான் இருந்தார் என்பதில் நம் வீட்டுச் சுவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான்கு நற்செய்திகளையும் புரட்டினாலும் அவருடைய நிறம், உயரம், முடி பற்றி ஒரு வரி கிடைக்காது. கெத்சமனியில், பிடிக்க வந்தவர்களுக்கு ஆளை அடையாளம் காட்ட யூதாஸ் முத்தமிட வேண்டியிருந்தது. சீடர்கள் நடுவே ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தால் காட்டிக்கொடுக்கத் தந்த முப்பது வெள்ளிக்காசும் வீண்செலவு!

பழைய ஓவியங்களும் இந்த முகத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. சிரியாவின் துரா யூரோப்போஸில், மூன்றாம் நூற்றாண்டு வீட்டுக் கோயில் சுவரில் வரையப்பட்ட இயேசுவுக்குக் குட்டை முடி, தாடியே கிடையாது. அவரை நேரில் கண்டு எழுதியதாகச் சொல்லப்படும் 'லெந்துலுஸ் கடிதம்' இடைக்காலப் போலி. அந்தப் பெயரில் யூதேயாவை ஆண்ட ஆளுநரே இல்லை.

பிறகு இந்த முகம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் சாயலில் வரைந்தார்கள். கப்பலும் அச்சு இயந்திரமும் அதை உலகெங்கும் சேர்த்தன. 1940இல் சிக்காகோவின் விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் தீட்டிய 'கிறிஸ்துவின் தலை', இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் சட்டைப்பைக்குள் போனது. பின்னர் 50 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. நாம் தொன்மை என்று வணங்கும் முகத்தில் பாதி, இருபதாம் நூற்றாண்டின் அச்சகச் சரக்கு.

"எல்லாரும் தங்கள் சாயலில்தானே வரைகிறார்கள், அதில் என்ன தப்பு?" என்பார்கள். வரைந்ததில் தப்பில்லை. எத்தியோப்பியரும் அப்படித்தான் வரைந்தார்கள். ஆனால் ஐரோப்பியச் சாயல் மட்டும் 'உண்மை' ஆகி, மற்றவை 'கற்பனை' ஆனது எப்படி? நம்மை ஆண்டவன் கையில் அதிகாரம் இருந்தது; அவன் நிறமே ஆண்டவரின் நிறமும் ஆயிற்று. கோவாவின் ஆஞ்சலோ த பொன்சேகா மரியாளுக்குச் சேலை கட்டி, இந்தியப் பெண்ணாக வரைந்தார். எதிர்த்தவர்கள் அவருடைய சொந்த ஊர்க் கத்தோலிக்கர்களே. அவர் புனே ஆசிரமம் ஒன்றில் அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று. யூதப் பெண்ணை இத்தாலியப் பெண்ணாக்கினால் பக்தி, இந்தியப் பெண்ணாக்கினால் அவமதிப்பு! இதற்குப் பெயர் இறையியல் இல்லை, நிறவெறி.

சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் சால்மன் படத்துக்குப் பக்கத்தில் பொன்சேகாவின் படத்தையும் மாட்டுங்கள். இரண்டும் மனிதர் கற்பனையே என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கறுத்த பிள்ளை தன் நிறத்தைக் கடவுளுக்குத் தூரமானதாக எண்ணி வளர்வதைவிடப் பெரிய தெய்வநிந்தனை வேறில்லை.