விமானம் உடையும், ட்ரான்ஸ்மிட்டர் மிஞ்ச வேண்டும்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளை ரிமோட் விமானம் ஒன்று வேண்டும் என்று கேட்கிறான். தந்தையோ வெளிநாட்டில் தொழில் புரியும் மாமாவோ விமானத்தின் படத்தையும் அளவையும் பார்த்து, பெட்டியோடு ஒன்றை வாங்கிக் கொடுத்து விடுகிறார். அந்தப் பெட்டிக்குள் வரும் ட்ரான்ஸ்மிட்டர் எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை. சில வாரங்களில் விமானம் தென்னை மரத்தில் மோதி உடைகிறது. அந்த ட்ரான்ஸ்மிட்டரால் வேறு எந்த விமானத்தையும் பறக்கவிட முடியாது என்பது அதன் பின்னர்தான் தெரிய வருகிறது. கொடுத்த பணம் முழுவதும் அத்தோடு போய்விடுகிறது.

வியாபாரம் செய்யும் எவருக்கும் நிலையான சொத்து எது, பாவித்துத் தீரும் பொருள் எது என்ற வேறுபாடு தெரியும். மாதிரி விமானப் பறப்பில் விமானம் பாவித்துத் தீரும் பொருள். பழகுபவர் அதை உடைத்தே தீருவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ட்ரான்ஸ்மிட்டரோ நிலையான சொத்து. சரியாகத் தெரிவு செய்தால் முதல் விமானத்துக்கு வாங்கியதையே ஐந்தாவது விமானத்துக்கும் பாவிக்கலாம். எனவே கையிலுள்ள பணத்தில் முதலில் ட்ரான்ஸ்மிட்டருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் விமானத்தைத் தேட வேண்டும் என்பதே எமது கருத்து. எம்மில் பலர் இதை மறுதலையாகவே செய்கிறோம்.

ஒரே மொழி பேசும் குடும்பம்

ட்ரான்ஸ்மிட்டர் கையில் இருக்கிறது, ரிசீவர் விமானத்துக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே முறையில் பேசினால்தான் விமானம் சொல் கேட்கும். முன்னர் 27, 35, 40, 72 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குக்கு ஏற்ப, கிறிஸ்டல் மாற்றிப் பறக்கவிட்டார்கள். ஒரே மைதானத்தில் இருவர் ஒரே சேனலைத் திறந்தால் விமானம் கீழே விழும். 2005இல் ஸ்பெக்ட்ரம் டி.எக்ஸ்.6 ட்ரான்ஸ்மிட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸில் வெளிவந்தது. ஏனைய நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்த பின்னர் இந்தத் தொல்லை நீங்கியது. இப்போது ஒவ்வொரு ரிசீவரும் தன்னுடன் இணைக்கப்பட்ட ட்ரான்ஸ்மிட்டரை மட்டுமே கேட்கும்.

ஆனால் வேறொரு பூட்டு வந்து சேர்ந்தது. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பேச்சு முறையை வைத்திருக்கிறது. ஸ்பெக்ட்ரம் டி.எஸ்.எம்.எக்ஸ். என்ற முறையிலும், ஃப்ளைஸ்கை ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ என்ற முறையிலும், ஃபுடாபா அதற்குரிய முறைகளிலும் பேசுகின்றன. ஒன்றின் ரிசீவர் மற்றொன்றின் ட்ரான்ஸ்மிட்டருக்குப் பதில் சொல்லாது. ஆகவே ட்ரான்ஸ்மிட்டர் வாங்குபவர் ஒரு பெட்டியை மட்டும் வாங்குவதில்லை. இனிமேல் வாங்கப்போகும் அத்தனை ரிசீவர்களையும் எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்பதையும் அன்றே தீர்மானித்து விடுகிறார்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஸ்பெக்ட்ரமின் ஆறு சேனல் ரிசீவர் ஒன்று வெளிநாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 50 டொலர். ஃப்ளைஸ்கை ரிசீவர் அல்லது எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற திறந்த முறையில் பேசும் ரிசீவர் ஏறத்தாழ 20 டொலருக்குள் கிடைக்கும். மூன்று விமானங்களுக்கு முதலாவது வகையில் 150 டொலர், இரண்டாவது வகையில் 60 டொலர். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியதை நாம் மறந்துவிடவில்லை. டொலரில் வாங்க வேண்டிய உதிரிப் பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு வாங்குபவர் பாதுகாப்பாக இருப்பார்.

இதன் பொருள் ஸ்பெக்ட்ரம் கூடாது என்பதல்ல. ரிசீவரை உள்ளே பொருத்தியே விற்கப்படும் விமானங்கள் அந்த முறையில் ஏராளம். பெட்டியைத் திறந்து இணைத்தவுடன் பறக்கவிடலாம். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

எத்தனை சேனல் போதும்?

ஒரு சேனல் என்பது விமானத்தின் ஓர் அசைவு. மோட்டரின் வேகம், இறக்கையின் எய்லரன், வாலின் எலிவேட்டர், ரடர் என்று நான்கும் இருந்தால் முழுமையாகப் பறக்கலாம். ஆனால் இப்போது பழகுபவர்களுக்கென வரும் பல விமானங்களில், விமானம் சரியும்போது தானாகவே நிமிர்த்தும் கைரோ அமைப்பு இருக்கிறது. அதை இயக்கவும் நிறுத்தவும் ஐந்தாவது சேனல் வேண்டும். பின்னர் இறங்குவதற்கு ஃப்ளெப் உள்ள விமானம் வாங்கினால் ஆறாவதும் வேண்டும். எனவே ஆறு சேனலுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். பதினாறு சேனல் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதற்காக மேலதிகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு மீதிப் பத்தும் சும்மா கிடக்கும்.

சேனல் எண்ணிக்கையை விட முக்கியமானவை வேறு மூன்று. முதலாவது, மொடல் நினைவகம். ஒவ்வொரு விமானத்தின் அமைப்பையும் தனித்தனியாகச் சேமித்து வைக்கும் வசதி இது. இது இல்லாவிட்டால் விமானத்தை மாற்றும்போதெல்லாம் எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். எய்லரன் மறுபக்கமாக அசைவதைக் கவனிக்காமல் எழுப்பினால் அந்த விமானம் ஒரு நிமிடமும் தாங்காது. இரண்டாவது, ஸ்டிக்கைத் தொட்டவுடன் விமானம் துள்ளாமல் அசைவைக் குறைத்து மென்மையாக்கும் டியூவல் ரேட், எக்ஸ்போ வசதிகள். புதியவரின் கை நடுங்கும், அந்த நடுக்கத்தை இவை தாங்கிக்கொள்ளும். மூன்றாவது, ஆசிரியரின் ட்ரான்ஸ்மிட்டருடன் இணைக்கும் ட்ரெய்னர் வசதி. மாணவன் தடுமாறும்போது ஆசிரியர் ஒரு சுவிட்சை விட்டவுடன் கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். ஒரு விமானத்தைக் காப்பாற்றினாலே இந்த வசதிக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்தது போலத்தான்.

கடைக்குப் போகுமுன் ஆளைத் தேடுங்கள்

எந்த நிறுவனத்தின் ட்ரான்ஸ்மிட்டர் சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில், உங்களுக்குப் பழக்கித் தரப்போகிறவர் எதை வைத்திருக்கிறார் என்பதைக் கேளுங்கள் என்பதுதான். பக்கத்து ஊரிலேனும் ஒருவர் பறக்கவிடுகிறார் என்றால் அவர் பாவிக்கும் முறையையே வாங்குவது நல்லது. ட்ரெய்னர் இணைப்பு சிக்கலின்றி அமையும். ரிசீவர் ஒன்று பழுதானால் இரவல் கிடைக்கும். அமைப்பில் குழப்பம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருப்பார். பத்து டொலர் மலிவு என்பதற்காக இவையனைத்தையும் இழப்பது நட்ட வியாபாரம்.

ஸ்டிக் அமைப்பும் அவருடையதாகவே இருக்க வேண்டும். மோட் 2 என்பதில் மோட்டரும் ரடரும் இடது கையில், எலிவேட்டரும் எய்லரனும் வலது கையில். மோட் 1 என்பதில் மோட்டர் வலது கைக்கும் எலிவேட்டர் இடது கைக்கும் மாறிவிடும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். ஆபத்தான நேரத்தில் ஆசிரியர் ட்ரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கினாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படி ஒருவரும் இல்லையென்றால் இரண்டு வழிகள் உண்டு. கணினியில் பரிச்சயம் குறைந்தவருக்கு ஃப்ளைஸ்கை எஃப்.எஸ். ஐ6 போன்ற எளிய ஆறு சேனல் செட் பொருந்தும். ரிசீவரோடு சேர்த்து விற்கப்படுகிறது, இருபது விமானங்களின் அமைப்பைச் சேமிக்கலாம். கணினியைக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு ரேடியோமாஸ்டர் பொக்கெட், பொக்ஸர் போன்றவற்றில் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். முறை கொண்டதை வாங்கலாம். பல நிறுவனங்கள் இம்முறைக்கு ரிசீவர் தயாரிப்பதால் ஒரே கடையை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கும் தொல்லை உண்டு. ட்ரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் உள்ள மென்பொருளின் பிரதான பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், 2ஆம் பதிப்பும் 3ஆம் பதிப்பும் ஒன்றோடொன்று பேசாது. 2020ஆம் ஆண்டை ஒட்டி ஃப்ரஸ்கை தனது டி16 முறையைப் புதுப்பித்தபோதும் இதே நிலைதான் ஏற்பட்டது. இரு பக்கத்தையும் மாற்றாதவர்களின் ரிசீவர்கள் இணையவில்லை. எனவே வாங்கும்போது பதிப்பு எண்ணைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம், யூ.எஸ்.பி. கேபிள் மூலம் கணினியுடன் இணையும் ட்ரான்ஸ்மிட்டரா என்று பாருங்கள். பிகாசிம் போன்ற இலவச சிமியூலேட்டரில் அதே ட்ரான்ஸ்மிட்டரைக் கொண்டு வீட்டிலிருந்தே பழகலாம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விமானத்தை விடுகிறார்கள். அந்தக் குழப்பத்தைக் கணினியில் நூறு தடவை உடைத்துக் கற்றுக்கொள்ளச் செலவே இல்லை. விமானம் வாங்கப் பணம் சேரும்வரை இப்படிப் பழகிக்கொண்டிருக்கலாம் என்பதும் முதலில் ட்ரான்ஸ்மிட்டரை வாங்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

மலிவு என்று ஏமாற வேண்டாம்

பழைய மெகாஹேர்ட்ஸ் செட்டுகள் சில இடங்களில் மிகக் குறைந்த விலைக்கு வரும். கிறிஸ்டலும் ரிசீவரும் தேடித் திரிய வேண்டியிருக்கும், உள்ளேயிருக்கும் பெட்டரியும் செத்திருக்கும். அதை வாங்குவதை விட வாங்காமல் இருப்பது இலாபம். பெட்டியோடு வரும் செட்டாக இருந்தால், இதே ட்ரான்ஸ்மிட்டரில் இரண்டாவது விமானத்தை இணைக்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் அது விளையாட்டுப் பொருள் என்று எண்ணி அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செட்டை மட்டும் இறக்கி விற்றுவிட்டு, ரிசீவர் கேட்டு வருபவரிடம் இல்லை என்று கைவிரிக்கும் கடைக்கு அதே வாடிக்கையாளர் மீண்டும் வரமாட்டார். எந்த முறை, எந்தப் பதிப்பு, எந்த விமானத்துக்குப் பொருந்தாது என்பதை முன்கூட்டியே சொல்லி, கடையிலேயே இணைத்துக் காட்டி விற்பவரிடம் அடுத்த ரிசீவருக்கும் பெட்டரிக்கும் புரொப்பெல்லருக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இத்தொழிலில் இலாபம் உதிரிப் பொருளில்தான் இருக்கிறது.

ஆவணங்களும் அவசியம்

ட்ரான்ஸ்மிட்டர் ஒரு வானொலிக் கருவி. இலங்கையில் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன் என்ன அனுமதி தேவை என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டறிவது, பொதி சுங்கத்தில் தேங்குவதைத் தவிர்க்கும். பறக்கவிடுவது சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பொறுப்பு. 2019 ஏப்ரல் தாக்குதல்களை அடுத்து ட்ரோன்களையும் ஆளில்லா விமானங்களையும் பறக்கவிடுவதை அதிகார சபை உடனடியாக நிறுத்தியது. ஒழுங்குகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் நடப்பு விதிகளைப் பார்த்த பின்னரே மைதானத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸார் கேட்டாலும் பின்னர் விற்க நேர்ந்தாலும் அது உதவும்.

வாங்கிய பின்னர் மூன்று பழக்கங்களைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போட்டுக் கடைசியில் நிறுத்த வேண்டும். பறக்குமுன் சக்தியைக் குறைத்து வைத்து, முப்பது அடியெடுத்துத் தள்ளி நின்று தொடர்பைச் சோதிக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டர் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, அது வேலை செய்கிறதா என்று புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே பார்க்க வேண்டும். கட்டுப்பாடு இழந்த விமானம் மற்றவரின் தலையிலோ வாகனத்திலோ விழுந்தால் அதன் நட்டத்தை எந்தக் கடைக்காரரும் ஏற்கமாட்டார்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு துண்டில் எழுதிக் கொள்ளுங்கள்: யார் பழக்குவார், எந்த மோட், எந்த முறை, ரிசீவர் என்ன விலை, சிமியூலேட்டரில் இணையுமா. இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பின்னர் விமானத்தின் நிறத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும்.